முதுகுல எழுதின மூணு எழுத்து: மணிமங்கலத்துல ஒரு போர்

(எபிசோடோட எடிட் பண்ண எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்ச வரைக்கும் அப்படியே விட்டிருக்கோம்.)

 

இன்னைக்கு ஒரு ரோட்டுல இருந்து ஆரம்பிக்கலாம். பூந்தமல்லியில இருந்து குன்றத்தூர் வந்து, அங்க சோமங்கலம் ரோட்டைப் பிடிச்சு தெற்கால போனா மணிமங்கலம் வரும். தாம்பரத்துக்காரங்க முடிச்சூர் வழியா வருவாங்க. அம்பத்தூர், ஆவடி பக்கம் இருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் போறவங்களுக்கு இது போர்டுல பார்த்த பேரா இருக்கும். ஒரு பெரிய ஏரி, வயல், ப்ளாட் போட்ட நிலம், சோழர் காலக் கோயில்கள். அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும்.

ஆனா கிட்டத்தட்ட 1,380 வருஷத்துக்கு முன்னாடி, இந்த ஊர்ல தக்காணத்தோட மிகப் பெரிய பேரரசர் ஒருத்தர் தோத்துப் போய் முதுகு காட்டினாரு. வடக்க ஹர்ஷரோட படையையே நர்மதைக்கு இந்தப் பக்கம் வரவிடாம நிறுத்தின ஆளு அவர். பேரு இரண்டாம் புலிகேசி. ஜெயிச்சவர் காஞ்சிபுரத்துப் பல்லவர், முதலாம் நரசிம்மவர்மன். மாமல்லன்.

சரி, இதை ஏன் இப்ப பேசறேன்? "தி லாஸ்ட் கிங்டம்" சீரிஸ் பார்த்துட்டு உங்கள்ல நிறைய பேர் ஆல்ஃபிரட் பத்தி ஒரு எபிசோட் பண்ணுங்கன்னு கேட்டிருந்தீங்க. வைக்கிங் படை, சதுப்பு நிலத்துல ஒளிஞ்ச ராஜா, திரும்பி வந்து ஜெயிச்ச கதை. படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்துச்சு. மதிலுக்குள்ள அடைபட்ட ராஜ்யம், திரும்பி எழுந்து வந்த ராஜா, இதெல்லாம் நம்ம ஊர்லயே நடந்திருக்கே. அதுவும் பைக்ல போய் வர்ற தூரத்துல. ஆனா ரெண்டு கதையும் ஒரு இடத்துல நேர் எதிரா பிரியுது. ஜெயிச்சதுக்கு அப்புறம் என்ன பண்ணாங்கங்கிற இடத்துல. இன்னைக்குப் பேச்சு அதைப் பத்திதான்.

முதல்ல ஆல்ஃபிரட்டை சுருக்கமா சொல்லிடறேன். பிறந்தது 849. இங்கிலாந்தோட தெற்குல வெசெக்ஸ்னு ஒரு ராஜ்யம், அந்த வீட்டுக் கடைக்குட்டி. அண்ணன்கள் மூணு பேர் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ஆண்டு முடிச்சு, 871-ல இவர் கைக்கு முடி வருது. அதுக்குள்ள டேனிஷ்காரங்களோட பெரும்படை வந்து அக்கம்பக்கத்து ராஜ்யங்களை ஒவ்வொண்ணா முடிச்சிருச்சு. 878 ஜனவரி, கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் அப்பதான் ஓய்ஞ்சிருக்கு. கத்ரம்ங்கிற தலைவன் திடீர்னு வந்து சிப்பன்ஹாமைப் பிடிச்சுட்டான். ஆல்ஃபிரட் கொஞ்சம் ஆட்களோட சாமர்செட் சதுப்பு நிலத்துக்குள்ள போய் ஒளிஞ்சாரு. ஏத்தல்னிங்கிற இடம். மே மாசம் ஊர் ஊரா ஆள் திரட்டி, எடிங்டன்ல கத்ரமை ஜெயிச்சாரு.

இந்த இடத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. ஜெயிச்சவர் கத்ரமோட தலையை வாங்கல. மூணு வாரம் கழிச்சு அவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வெச்சு, தானே ஞானத்தகப்பனா நின்னாரு. பன்னெண்டு நாள் விருந்து வெச்சு, பரிசு கொடுத்து அனுப்பினாரு. இதுக்கு கடைசியில வர்றேன். இப்ப காஞ்சிபுரம் போவோம்.

ஏழாம் நூற்றாண்டு ஆரம்பம். காஞ்சியில மகேந்திரவர்மன், மாமல்லனோட அப்பா. பல்லாவரம் குடைவரைக் கோயில் இவர் குடைஞ்சது. இன்னைக்கு அது ஒரு தர்கா. பாறையில இவரோட பட்டப்பேருங்க இன்னும் இருக்கு. மத்தவிலாசப் பிரகசனம்னு ஒரு நகைச்சுவை நாடகம் எழுதின ராஜா. குடிச்சிட்டு கபாலத்தைத் தொலைச்ச ஒரு சாமியாரை வெச்சு, தன் சொந்தத் தலைநகரத்தையே கிண்டல் பண்ணி எழுதினவர்.

அந்தப் பக்கம், இன்னைக்குக் கர்நாடகாவுல இருக்கிற பாதாமி. அந்தக் காலத்துப் பேரு வாதாபி. அங்க சாளுக்கியர்கள். புலிகேசி 610 வாக்குல ஆட்சிக்கு வந்தாரு. கிருஷ்ணா, கோதாவரிக்கு நடுவுல இருக்கிற வேங்கியைப் பிடிச்சு, அதை ஆள தன் தம்பியை உட்கார வெச்சாரு. அந்த வளமான டெல்டா யார் கையில இருக்குங்கிறதுதான் இந்தச் சண்டைக்குப் பின்னாடி இருந்த பெரிய காரணம். அதுக்கப்புறம் தெற்கால வந்தா தொண்டை மண்டலம். நம்ம ஊரு. ஏரிக்குக் கீழ வயல், வயலுக்குப் பக்கத்துல ஊர், அதுக்கு நடுவுல காஞ்சி.

இந்த முதல் படையெடுப்புல என்ன நடந்ததுன்னு ரெண்டு சாட்சி இருக்கு. ஒண்ணு ஐஹோளெ கல்வெட்டு, 634. ரவிகீர்த்திங்கிற சமணக் கவிஞர் புலிகேசிக்காக எழுதினது. தன்னைக் காளிதாசனோட ஒப்பிட்டுக்கிற அளவுக்குத் தன்னம்பிக்கை உள்ள கவிஞர். அவர் சொல்றது இதுதான்: எங்க படை கிளப்பின புழுதியில பல்லவராஜாவோட வீரம் மங்கிப் போச்சு, அவர் காஞ்சி மதிலுக்குப் பின்னாடி போய் மறைஞ்சாரு.

இன்னொண்ணு, காரைக்கால் பக்கம் கிடைச்ச காசக்குடி செப்பேடு. பல்லவர்களோடது. புள்ளலூர்ல மகேந்திரவர்மன் தன் முக்கிய எதிரிகளை அழிச்சாருன்னு சொல்லுது. எதிரி யாருன்னு பேரு போடல. காஞ்சிக்கு வடக்கே இருக்கிற ஊரு புள்ளலூர். 1780-ல ஹைதர் அலி, திப்பு படைகள் கர்னல் பெய்லியோட கும்பினிப் படையை நொறுக்கினதும் இதே ஊர்லதான். அந்தப் போரைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனைச் சுவர்ல ஓவியமா வரைய வெச்சாரு. சில ஊர்களுக்கு இப்படி ஒரு தலையெழுத்து.

இப்ப ரெண்டு சாட்சியையும் சேர்த்துப் படிங்க. மதிலுக்கு வெளிய இருந்த நாடு அடி வாங்கியிருக்கு, காஞ்சி விழல. ரெண்டு பேருமே ஜெயிச்சோம்னு எழுதிக்கிட்டாங்க. ஆல்ஃபிரட் கதையில இந்த வசதி நமக்குக் கிடையாது. அவர் வாழ்க்கையை எழுதின ஆஸர் அவரோட சபையில இருந்த பிஷப். ஆங்கிலோ சாக்ஸன் வருடக்குறிப்புகளும் அவர் பக்கத்துலதான் தொகுக்கப்பட்டது. கத்ரம் தன் பங்குக்கு ஒரு கவிஞரை வெச்சு எதையும் எழுதி வைக்கல. நம்ம கதையில ரெண்டு வீட்டு வக்கீலும் பேசறாங்க.

630 வாக்குல மகேந்திரவர்மன் காலம் முடிஞ்சு நரசிம்மவர்மன் வர்றாரு. அப்பா காலத்துல படை மதில் வரைக்கும் வந்து நின்னதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. புலிகேசி இன்னொரு தடவை தெற்கால வந்தாரு. இந்தத் தடவை சண்டை நடந்த இடங்களோட பேரு கூரம் செப்பேட்டுல இருக்கு: பரியளம், மணிமங்கலம், சூரமாரம். அதுல நாம இன்னைக்கு கூகுள் மேப்புல தட்டி நேரா போகக்கூடிய ஊரு மணிமங்கலம். காஞ்சிக்குக் கிழக்கே, கடற்கரைக்கும் காஞ்சிக்கும் நடுவுல. அவ்வளவு உள்ள வரைக்கும் படை வந்திருக்கு.

அந்தச் செப்பேடு சொல்ற விதம் யாராலயும் மறக்க முடியாத மாதிரி இருக்கும். தோத்து ஓடும்போது புலிகேசியோட முதுகு தெரிஞ்சுதாம். அந்த முதுகையே ஒரு ஏடா வெச்சு, "விஜய"ங்கிற மூணு எழுத்தை நரசிம்மவர்மன் எழுதினாராம். வெற்றியை எழுத எதிரியோட முதுகு. அந்தக் கர்வம் இன்னைக்குப் படிக்கும்போதும் சூடா இருக்கு.

இந்தப் போர்ல அவர் கூட நின்ன ஒருத்தரைப் பத்தி இலங்கையோட சூளவம்சம் ஒரு கதை சொல்லுது. நாட்டை இழந்து, நரசிம்மவர்மன்கிட்ட அடைக்கலமா வந்த இளவரசர் மானவர்மன். வல்லபன்ங்கிற அரசனோட, அதாவது சாளுக்கியனோட, போர் வரும்போது, "இவன் என்னை நம்பி வந்தவன், எனக்காகச் சாக வேண்டாம்"னு நினைச்சு நரசிம்மவர்மன் அவரை ஊர்லயே விட்டுட்டுப் போறாரு. "அவர் செத்து நான் இருந்து என்ன பிரயோஜனம்"னு மானவர்மன் பின்னாடியே போய்ச் சேர்ந்துக்கிறாரு. பிறகு நரசிம்மவர்மன் அவருக்குப் படையும் கப்பலும் கொடுத்து இலங்கைக்கு அனுப்பினாரு. கல்வெட்டுல தெரியாத ஒரு மனுஷன் இந்தக் கதையில தெரியறாரு.

மணிமங்கலத்தோட அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. 642 வாக்குல பல்லவப் படை வாதாபிக்கே போச்சு. நகரம் விழுந்துச்சு. புலிகேசியோட ஆட்சி அதோட முடிஞ்சுது. பாதாமியில ஒரு பாறையில, நரசிம்மவர்மனோட 13-ஆவது ஆட்சியாண்டைச் சொல்ற பல்லவக் கல்வெட்டு சிதைஞ்ச நிலையில இன்னும் இருக்கு. எதிரியோட தலைநகரத்துல, எதிரியோட பாறையில தன் பேரு. "வாதாபிகொண்ட"ங்கிற பட்டம் அங்க இருந்து வந்தது. அகத்தியர் வாதாபிங்கிற அசுரனை ஜீரணம் பண்ண மாதிரி இவர் வாதாபி நகரத்தை அழிச்சாருன்னு பல்லவக் கவிஞர்கள் சிலேடை பாடினாங்க.

இப்ப திரும்ப குன்றத்தூருக்கு வாங்க. ஆரம்பத்துல அந்த வழியா வந்தோமே, சேக்கிழார் பிறந்த ஊரு அது. பன்னிரண்டாம் நூற்றாண்டு. பெரியபுராணத்துல சிறுத்தொண்டர் கதையை அவர் பாடறப்ப வாதாபி வருது. பரஞ்சோதிங்கிற தளபதி மன்னனுக்காக வாதாபியை அழிச்சு, யானை, குதிரை, மணிகள், பொருள்னு கொண்டு வந்து கொட்டறாரு. இவர் சிவனடியார்னு தெரிஞ்சதும் மன்னன் பதறிப் போறாரு. ஒரு அடியாரைப் போய்ப் போருக்கு அனுப்பிட்டோமேன்னு வருந்தி, செல்வம் கொடுத்து, படைவேலையில இருந்து விடுவிச்சு அனுப்பறாரு. கச்சேரியில கேக்கற "வாதாபி கணபதிம்" பாட்டுல வர்ற கணபதியும் அப்ப வாதாபியில இருந்து வந்ததுன்னு ஒரு நம்பிக்கை உண்டு. சேக்கிழார் அதைச் சொல்லல. ஆனா போர் முடிஞ்சு ஐந்நூறு வருஷம் கழிச்சு, மணிமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் வாதாபியை மறக்காம பாடியிருக்காரு பாருங்க.

அப்புறம் கல்கி. 1944-ல இருந்து 1946 வரைக்கும் அவரோட பத்திரிகையில தொடரா வந்த "சிவகாமியின் சபதம்". நம்ம வீடுகள்ல இந்தக் கதை நுழைஞ்சது அந்த வாசல் வழியாத்தான். நானும் பன்னெண்டு வயசுல, எங்க தாத்தா பைண்ட் பண்ணி வெச்சிருந்த புத்தகத்துல படிச்சேன். வாதாபி எரியற அத்தியாயத்துல எழுந்து நின்னு கைதட்டினவன் நான். சிவகாமி கல்கியோட கற்பனைன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். அந்தச் சபதம் எந்தச் செப்பேட்டுலயும் கிடையாது. ஆனா ஒரு விஷயம் அப்ப கவனிக்கல. நாவல்லயே வாதாபி எரிஞ்ச பிறகு யாரும் சந்தோஷமா வீட்டுக்குப் போகல. சிவகாமிக்கு அவ கேட்டது நடந்துச்சு, வேண்டியது கிடைக்கல.

பழி வாங்கறது அப்ப கேவலமா பார்க்கப்படலங்கிறதையும் சொல்லணும். சீன யாத்திரிகர் யுவான் சுவாங் 640 வாக்குல காஞ்சிக்கும் வந்தாரு, புலிகேசியோட நாட்டுக்கும் போனாரு. அந்த நாட்டு ஜனங்களைப் பத்தி அவர் எழுதினது: நல்லது பண்ணா நன்றி மறக்க மாட்டாங்க, அவமானப்படுத்தினா பழி வாங்காம விடமாட்டாங்க, ஆனா முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் வருவாங்க. போர்ல தோத்த தளபதிக்குத் தண்டனை கிடையாதாம். பெண்கள் உடுப்பைக் கொடுப்பாங்களாம். அந்த வெக்கத்துலயே அவன் உயிரை விட்டுருவானாம். அப்படிப்பட்ட ஒரு நாட்டோட ராஜா முதுகுலதான் நம்மாளு "விஜய"ன்னு எழுதினாரு. அவங்க சும்மா இருப்பாங்களா?

இருக்கல. வாதாபி விழுந்த பிறகு ஒரு பதிமூணு வருஷம் சாளுக்கிய ராஜ்யம் சிதறிக் கிடந்துச்சு. 655 வாக்குல புலிகேசியோட மகன் முதலாம் விக்கிரமாதித்தன் ராஜ்யத்தை ஒட்ட வெச்சாரு. நரசிம்மவர்மன் 668 வாக்குல இறந்துட்டாரு. அடுத்து மகன் இரண்டாம் மகேந்திரவர்மன், சில வருஷம்தான். அவருக்கு அப்புறம் பேரன், முதலாம் பரமேசுவரவர்மன்.

விக்கிரமாதித்தன் வந்தாரு. அவரோட கத்வால் செப்பேடு 674-ல எழுதினது. பாளையம் போட்டிருந்த இடம் காவிரிக்குத் தென்கரையில உறையூர். அதாவது காஞ்சியைத் தாண்டி திருச்சி வரைக்கும் வந்தாச்சு. அதுல நரசிம்மன், மகேந்திரன், பரமேசுவரன்னு மூணு தலைமுறை பேரையும் வரிசையா சொல்லி, மூணு பேர் பெருமையையும் அடக்கினேன்னு சொல்றாரு. ஏறவே முடியாத மதிலும் ஆழமான அகழியும் இருந்த காஞ்சியைப் பிடிச்சேங்கிறாரு. மகேந்திரவர்மன் காலத்துல விழாத மதில். தாத்தா மணிமங்கலத்துல எழுதின மூணு எழுத்துக்கு பில்லு பேரன்கிட்ட வந்துச்சு.

பரமேசுவரவர்மனும் விடல. ஓடிப் போய், படை திரட்டி, திருச்சி பக்கம் பெருவளநல்லூர்ல விக்கிரமாதித்தனைத் தோக்கடிச்சாரு. ஏத்தல்னியில இருந்து எழுந்து வந்த ஆல்ஃபிரட்டோட ஒப்பிடணும்னா உண்மையில இவரைத்தான் ஒப்பிடணும். பல லட்சம் படையோட வந்தவன் ஒரு கந்தல் துணியோட ஓடினான்னு செப்பேடு எழுதுது.

எந்தச் செப்பேடு தெரியுமா? அதே கூரம் செப்பேடு.

இங்கதான் நான் கொஞ்ச நேரம் படிக்கறதை நிறுத்திட்டு உட்கார்ந்துட்டேன். புலிகேசி முதுகுல "விஜய"ன்னு எழுதின வர்ணனை நரசிம்மவர்மன் எழுத வெச்சது இல்ல. காஞ்சியை இழந்து, ஓடி, திரும்பி வந்த பேரன் பரமேசுவரவர்மன் எழுத வெச்சது. சரி, புள்ளலூர்ல மகேந்திரவர்மன் ஜெயிச்சாருன்னு சொல்ற காசக்குடி செப்பேடு யாரோடது? இரண்டாம் நந்திவர்மனோடது, எட்டாம் நூற்றாண்டு. அவரும் சாளுக்கியர்கிட்ட காஞ்சியை இழந்தவர். நம்ம கையில இருக்கற ரெண்டு பெரிய வெற்றிச் செய்தியையும் எழுதி வெச்சது, அடி வாங்கி எழுந்து வந்தவங்க. வீட்டுல கஷ்டம் வந்தா தாத்தா காலத்துப் பெருமையை நாம எடுத்துப் பேசற மாதிரி.

நந்திவர்மன்கிட்ட இருந்து காஞ்சியைப் பிடிச்சவர் இரண்டாம் விக்கிரமாதித்தன். 733-ல இருந்து 744 வரைக்கும் ஆண்டவர். வாதாபி எரிஞ்சு கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகுது. அவர் கொள்ளுத்தாத்தாவோட அப்பா காலத்து அவமானம். இப்ப காஞ்சி அவர் கால் கீழ. நீங்க எதிர்பார்க்கறது நடந்திருக்கணும்.

நடக்கல. ராஜசிம்மேசுவரத்துக்குள்ள போறாரு. நாம இன்னைக்கு கைலாசநாதர் கோயில்னு சொல்றது. நரசிம்மவர்மனோட கொள்ளுப்பேரன் ராஜசிம்மன் கட்டினது. கோயிலோட பொன்னையும் பொருளையும் பார்க்கறாரு. எடுத்துக்கல, கோயிலுக்கே திருப்பிக் கொடுக்கறாரு. அதைக் கன்னடத்துல அங்க ஒரு மண்டபத் தூண்ல வெட்டி வெச்சிருக்காங்க. ஏழைகளுக்கும் அந்தணர்களுக்கும் கொடுத்து ஊரை மகிழ வெச்சாருன்னு அவர் மகனோட செப்பேடும் சொல்லுது.

அந்தத் தூணை நான் போய்ப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம். பெரிசா ஒண்ணும் இல்ல, எழுத்து தேஞ்சுதான் இருக்கு. ஆனா ஒண்ணு தோணுச்சு. விக்கிரமாதித்தன் போன பிறகு நந்திவர்மன் திரும்ப காஞ்சிக்கு வந்து பல பத்து வருஷம் ஆண்டாரு. தன்னைத் தோக்கடிச்சவனோட கல்வெட்டு, தன் ஊர்ல, தன் கோயில்ல, கண்ணு முன்னாடி. ஒரு உளி போதும் அதைச் செதுக்கி எடுக்க. யாரும் எடுக்கல. இன்னைக்கு வரைக்கும் இருக்கு.

இதை வெச்சு எல்லாரும் நல்லவங்க ஆயிட்டாங்கன்னு நான் சொல்ல வரல. விக்கிரமாதித்தனோட மகன் கீர்த்திவர்மன் இளவரசனா இருந்தப்ப இன்னொரு தடவை பல்லவர் மேல படையெடுத்தாரு. ராணி லோகமகாதேவி, தன் புருஷன் காஞ்சியை மூணு தடவை ஜெயிச்சதோட நினைவா பட்டடக்கல்ல ஒரு கோயில் கட்டினாங்க, இன்னைக்கு விரூபாக்ஷர் கோயில். வெற்றிச் சின்னம்தான். ஆனா அதைப் பார்த்தா நம்ம கைலாசநாதர் சாயல் தெரியும். ஜெயிச்ச ஊர்ல இருந்து அவங்க கொண்டு போனது அந்தக் கோயிலோட அழகை. வாதாபி கதையும் காஞ்சி கதையும் இங்கதான் வேற வேற ஆகுது.

இந்த நூறு வருஷச் சண்டையில ரெண்டு பேருக்கும் மிஞ்சினது என்ன? 750-கள்ல ராஷ்டிரகூடர்கள் எழுந்து வந்து சாளுக்கியர்களை முடிச்சாங்க. பல்லவர்கள் இன்னும் நூறு வருஷத்துக்கு மேல இழுத்து, ஒன்பதாம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள ஆதித்த சோழன் கையில முடிஞ்சாங்க.

இப்ப ஆல்ஃபிரட்டுக்கு வர்றேன். கத்ரமுக்கு விருந்து வெச்சு அனுப்பினாரே, அது பெருந்தன்மை மட்டும் இல்ல. கத்ரமைக் கொன்னா இன்னொரு தலைவன் வருவான், எல்லாரையும் விரட்டற பலம் தன்கிட்ட இல்லன்னு அவருக்குத் தெரியும். நரசிம்மவர்மனுக்கு வாதாபி வரைக்கும் போற பலம் இருந்துச்சு, போனாரு. இவருக்கு இல்ல, அதனால வேற வழி யோசிச்சாரு. எல்லை பேசி முடிச்சாங்க. 885-ல அந்தப் பக்கத்து டேனிஷ்காரங்க வாக்கை மீறவும் செஞ்சாங்க. ஆனா அடுத்த பெரும்படை வந்தது 892-ல. நடுவுல பதினாலு வருஷம். அந்தப் பதினாலு வருஷத்துல ராஜ்யம் முழுக்க கிட்டத்தட்ட முப்பது கோட்டை ஊர்கள். எந்த ஊருக்கு எத்தனை பேர் காவல், அந்தச் செலவு எந்த நிலத்து மேலங்கிற கணக்கு உட்பட அந்த ஏற்பாடு இருந்துச்சு. படையை ரெண்டா பிரிச்சு, பாதி பேர் வீட்டுல விவசாயம், பாதி பேர் காவல். லத்தீன் புத்தகங்களை ஜனங்க பேசற மொழிக்குக் கொண்டு வர்ற வேலை, அதுலயும் ராஜாவே உட்கார்ந்து மொழிபெயர்ப்பு. 892-ல வந்த படை நாலு வருஷம் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு 896-ல கலைஞ்சு போச்சு.

ஆல்ஃபிரட்டோட பேரன் ஆத்தல்ஸ்டன், 927-ல முழு இங்கிலாந்துக்கும் முதல் ராஜா ஆனாரு. மாமல்லனோட பேரன் காஞ்சியை விட்டு ஓடி, திரும்பி வந்து, தாத்தா பெருமையைச் செப்பேட்டுல எழுதினாரு. ஆல்ஃபிரட்டோட மகனும் பேரனும் போர் பண்ணாம இதைச் சாதிக்கல, நிறையவே பண்ணாங்க. ஆனா அவங்க நின்னு சண்டை போட அந்தக் கோட்டை ஊர்கள் இருந்துச்சு.

அப்ப நரசிம்மவர்மன் தப்பு பண்ணாரா? வாதாபிக்குப் போகலன்னா புலிகேசி மூணாவது தடவை வந்திருக்கலாம். காஞ்சியில இருந்தவங்களுக்கு அந்தப் பயம் நிஜம். பன்னெண்டு வயசுல கைதட்டின என்னை நான் திட்டப் போறதில்ல. ஆனா இப்ப எனக்கு யாரைப் பிடிக்கும்னு கேட்டா, கோயில் பொன்னைத் திருப்பிக் கொடுத்தவரையும், அந்தத் தூணை விட்டு வெச்சவரையும் சொல்லுவேன். எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேர் பேர்லயும் யாரும் தொடர்கதை எழுதல.

கூரம் செப்பேட்டுல இன்னொரு விஷயம் இருக்கு. அந்த "விஜய", அந்தக் கந்தல் துணி, எல்லாம் முன்னுரைதான். செப்பேடு எதுக்காக வெட்டினாங்கன்னா, காஞ்சிக்குப் பக்கத்துல கூரம்ங்கிற ஊர்க் கோயிலுக்கு நிலம் கொடுக்க, மண்டபத்துல பாரதம் வாசிக்க ஏற்பாடு பண்ண, பாலாத்துல இருந்து கால்வாய் வெட்டி பரமேசுவர தடாகம்ங்கிற ஏரிக்குத் தண்ணி கொண்டு வர. அண்ணன் தம்பி பகையில ஒரு குலமே அழிஞ்ச கதையை உட்கார்ந்து கேக்க ஒரு மண்டபம். வயலுக்குத் தண்ணி. ஓடித் திரும்பி வந்த ராஜா, அவ்வளவு பட்ட பிறகு, செம்புல வெட்டி நிலைக்க வெச்சது இதை.

கடைசியா ஒரு குட்டி விஷயம், ஆல்ஃபிரட் எபிசோட் கேட்டவங்களுக்காக. 883-ஆம் வருஷக் குறிப்புல, ஆல்ஃபிரட் நேர்ந்துக்கிட்ட காணிக்கையை ரோமுக்கும், இந்தியாவுல புனித தோமாவுக்கும் பர்த்தலமேயுவுக்கும் கொண்டு போக சிகெல்ம், ஆத்தல்ஸ்டன்னு ரெண்டு பேரை அனுப்பினதா வருது. சில கைப்பிரதிகள்ல இந்தியாவுக்குப் பதிலா யூதேயான்னு இருக்கு, அதனால அறிஞர்கள் நடுவுல விவாதம் உண்டு. ஆனா தோமான்னா மரபுப்படி நம்ம மயிலாப்பூர், பரங்கிமலை. வைக்கிங்கோட மல்லுக்கட்டின ஒரு ராஜாவோட வேண்டுதல், பல்லவர்களோட கடைசிக் காலத்துல, நம்ம ஊர்ப் பக்கம் திரும்பியிருக்கலாம்னு நினைச்சா எனக்குச் சிரிப்பும் வருது, சந்தோஷமாவும் இருக்கு.

அடுத்த லீவு நாள்ல ஒண்ணு பண்ணுங்க. காலையில மணிமங்கலம் ஏரிக்கரை. அங்க போரைப் பத்தி ஒரு போர்டும் கிடையாது, சும்மா நின்னுட்டு வாங்க. அப்படியே ஸ்ரீபெரும்புதூர் வந்து ஹைவே பிடிச்சு காஞ்சிபுரம், கைலாசநாதர். சிற்பமெல்லாம் பார்த்து முடிச்சுட்டு, மண்டபத்துல அந்தக் கன்னட எழுத்துத் தூண் எங்கன்னு அங்க இருக்கறவங்ககிட்ட கேளுங்க. காட்டுவாங்க. தொட்டுத் தேய்க்காதீங்க, பார்த்தா போதும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வண்டியில போறவங்க ஹெல்மெட் போட்டுக்கோங்க. வணக்கம்.